கன்னியம்மா உட்கார்ந்த லோடர்

போன வாரம் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வந்தது. விருந்தினர் கார் நிறுத்தும் இடத்தில் மஞ்சளாக ஏதோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. நீளமாக இரண்டு இரும்புக் கைகள், முன்னால் தரையோடு படிந்த அகலமான பக்கெட், பின்னால் ஒல்லியாக இரண்டு தாங்குகால்கள். படத்துக்குக் கீழே, ‘இது யாருடையது? உடனே அகற்றவும்’ என்று மூன்றாம் மாடிக்காரர் எழுதியிருந்தார். நிறையப் பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். ஒருவர் மட்டும் கைகூப்பியிருந்தார். அவர் எதற்கும் கைகூப்புவார்.

எனக்கு அது என்னவென்று தெரியும். அடையாறில் இருக்கும் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் தோட்டம் போடப் போகிறார்கள். செம்மண் அள்ளிப் போட ஒரு குட்டி டிராக்டர் வந்திருந்தது. மண்ணை அள்ளி முடித்ததும் அதே டிராக்டர் சந்துக்குள் நுழைந்து பின்பக்கம் உழ வேண்டும். முன்னால் மண் அள்ளும் லோடர் நீட்டிக்கொண்டிருந்தால் சந்தில் திரும்பாது. அதனால் அதைக் கழற்றி நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

கழற்றும்போதே பால்கனியில் நின்று பார்த்துவிட்டேன். ஓட்டுநர் சமதரையில் வண்டியை நிறுத்தினார். பக்கெட்டைத் தரையில் படுக்க வைத்தார். தாங்குகால்களை இறக்கி, இரண்டு பக்கமும் லோடரை வண்டியோடு பிணைக்கும் பின்களை உருவினார். இன்ஜினை அணைத்துவிட்டு லீவரை நாலா பக்கமும் ஆட்டி, குழாய்களில் இருந்த அழுத்தத்தை இறக்கினார். எண்ணெய் ஹோஸ்களைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தார். மறுபடி இன்ஜினைப் போட்டு மெதுவாகப் பின்னால் போனார். லோடர் நின்ற இடத்திலேயே நின்றது, டிராக்டர் மட்டும் வெளியே வந்துவிட்டது. என் காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது. எங்கள் காலத்தில் இதற்கு ஒரு சுத்தியலும், இங்கே எழுத முடியாத சில வார்த்தைகளும் தேவைப்பட்டன.

கீழே இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஹைட்ராலிக் எண்ணெய் வாசனை அப்படியேதான் இருந்தது. ஆனாலும் ஏதோ குறைந்தது. லிஃப்டில் மேலே வரும்போதுதான் பிடிபட்டது. மீன்.

இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். இயற்பியல் படித்துவிட்டு, அந்தப் படிப்புக்கு உலகத்தில் யாரும் காத்திருக்கவில்லை என்று தெரிந்துகொண்ட பருவம். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் என் வயதுப் பையன்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போனார்கள். நான் தி. நகரில் ஒரு காண்டிராக்டரிடம் மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். நான் மேற்பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று குட்டி டிராக்டர், இன்னொன்று அதை ஓட்டிய சவரி. இரண்டுமே என்னைக் கேட்டு எதையும் செய்ததில்லை.

சவரிக்கு வீடு சாந்தோமில். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். சம்பளப் பட்டியலில் நான் மேலே இருந்ததால் என்னை ‘சார்’ என்பான். அந்த ‘சார்’ எப்போதும் சிரித்துக்கொண்டேதான் வரும். அப்போது அவன் மனைவிக்கு மாசம் நிறைந்திருந்தது. ஃபோன் அடித்தாலே பதறுவான். முக்கால்வாசி நேரம் முதலாளிதான் அடிப்பார்.

எங்கள் வேலை இதுதான். விடிகாலையில் லோடரோடு போய், கடற்கரைச் சாலையில் காற்று கொண்டுவந்து கொட்டியிருக்கும் மணலை அள்ள வேண்டும். வெயில் ஏறியதும் அதே டிராக்டரில் தண்ணீர் டேங்கரை மாட்டிக்கொண்டு தி. நகர்ப் பூங்காக்களுக்குச் செடிக்குத் தண்ணீர் விடப் போக வேண்டும். தி. நகரில் மனிதர்களே பக்கவாட்டில்தான் நடப்பார்கள், அங்கே லோடரை நீட்டிக்கொண்டு போக முடியாது. ஆகவே தினமும் காலையில் கழற்று, மறுநாள் விடிகாலையில் மாட்டு. அந்த லோடரும் இந்த டிராக்டருக்கென்று பிறந்ததல்ல. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேறு ஏதோ வண்டிக்குச் செய்ததை வெட்டி ஒட்டி இதற்குக் கட்டிவைத்திருந்தார்கள். லோடரும் டிராக்டரும் குடும்பம் நடத்தியது எங்கள் சமாதானப் பேச்சில்தான்.

இன்னொரு உருப்படியும் உண்டு. முன்னால் மண்ணைத் தூக்கினால் சின்ன டிராக்டரின் பின்சக்கரம் எழும்பிவிடும். அதற்கு எதிர்பாரமாக, ஒரு டிரம்மைப் பாதியாக அறுத்து கான்கிரீட் ஊற்றிப் பின்னால் மாட்டியிருந்தோம். டேங்கரை இழுக்கும்போது அதையும் இறக்கி வைக்க வேண்டும்.

எங்கே வைப்பது? மயிலாப்பூர்ச் சந்துகளில் சைக்கிள் நிறுத்தினாலே சண்டை. நொச்சிக்குப்பத்தை ஒட்டி, சாலையோரம் மீன் விற்கும் பெண்களின் வரிசை நடுவே ஒரு மணல்மேடு இருந்தது. அதை நாங்களே அள்ளி அப்புறப்படுத்தினோம். மேடு போனதும் நல்ல சமதரை கிடைத்தது. லோடரையும் டிரம்மையும் அங்கேயே விட்டுவிட்டுத் தண்ணீர் விடப் போனோம்.

மறுநாள் விடிகாலையில் பார்த்தால் பக்கெட் நிறைய செதில் மின்னியது.

“சார், நம்ம லோடர்ல கடை போட்டுட்டாங்க” என்றான் சவரி. ஆச்சரியமே இல்லாத குரலில்.

கடை போட்டவர் கன்னியம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து, காலில் பிளேட் வைத்து, சில மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். வலது முட்டி மடங்காது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அதைவிடப் பெரிய கஷ்டம், அவருடைய இடம் போய்விட்டது. அந்த வரிசையில் இடத்தை யாரும் பிடுங்குவதில்லை. ஓர் இடம் காலியானால் இந்தப் பக்கத்துக் கூடை கொஞ்சம் நகரும், அந்தப் பக்கத்துப் பலகை கொஞ்சம் நகரும், சாயங்காலத்துக்குள் இடம் இருந்த அடையாளமே இருக்காது. யாரையும் குறை சொல்லவும் முடியாது. கன்னியம்மா வரிசைக்கு வெளியே, வாடிக்கையாளர் கால் படாத கோடியில், வெயிலில் நின்றுகொண்டே விற்றுப் பார்த்திருக்கிறார். விற்கவில்லை.

அப்போதுதான் எங்கள் லோடர் வந்து இறங்கியது. பக்கெட்டில் ஐஸைப் பரப்பி மீனை அடுக்கினார். இரண்டு கைகளையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் சரியாக நாற்காலி உயரம், காலை நீட்டி உட்கார்ந்தார். டிரம்மின்மேல் தராசு. லோடரின் கைகளில் தார்ப்பாய் கட்டி நிழல். அந்த நீள வரிசையில் பக்கத்துக் கூடைக்காரிகளால் அங்குலம்கூட நகர்த்த முடியாத ஒரே கடை அதுதான்.

“உன் வண்டியா நைனா இது?” என்று முதல் நாள் என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். கம்பெனியுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வயதில் யார் சொல்வார்கள்?

“நல்லா கீது. தெனிக்கும் வெயில் வர்றதுக்குள்ள கயட்டிடு” என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு முதலாளிகள் இரண்டு பேர்.

பிறகு நேரம் தவறினால் கண்டிக்க ஆரம்பித்தார். பின்னை உருவச் சவரி திணறினால், “எண்ண போடுடா, அடிக்காத, என் சீட்டு வளஞ்சிடப் போவுது” என்பார். நான் மீன் சாப்பிடாதவன் என்று தெரிந்ததும் என்மேல் அவருக்கு இரக்கம் வந்தது. ஏதோ வியாதி என்று நினைத்தாரோ என்னவோ, தினமும் ஒரு டீ வாங்கிக் கொடுப்பார்.

வாசனையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மந்தைவெளி பஸ்ஸில் அந்த நாட்களில் எனக்கு மட்டும் எப்போதும் உட்கார இடம் கிடைத்தது. வீட்டு வாசலில் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பாள்.

“என்னடா இது நாத்தம்? கொல்லை வழியாப் போய்க் குளிச்சுட்டு வா. ஆத்துல மனுஷா இருக்கறதா வேண்டாமா?”

“ஹைட்ராலிக் எண்ணெய்ம்மா. மெஷின்னா அப்படித்தான்.”

அம்மா இதை முழுசாக நம்பினாள். வெகு நாள் கழித்து அத்திம்பேர் ஒரு டிராக்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது, “ஐயோ பாவம், மீன் எண்ணெயில கை வெக்கணுமே” என்று உச்சுக்கொட்டினாள்.

வம்பு அடையாறிலிருந்து வந்தது. முதலாளிக்கு வேண்டப்பட்ட ஒருவர் பங்களாவில் புல்தரைக்கு மண் பரப்ப வேண்டும், ஒரு நாள் காலையில் லோடரோடு போகச் சொன்னார். கடற்கரையிலிருந்து நேராகப் போனோம். போகுமுன் சவரி பக்கெட்டைக் கழுவினான், கடல் தண்ணீரில். அதன் பலன் எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. மண்ணைப் பரப்பி முடித்து நிமிர்ந்தபோது மதில்மேல் பூனைகள் உட்கார்ந்திருந்தன. அடையாறில் அத்தனை பூனைகள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். பங்களாக்காரர் சாயங்காலம்வரை விரட்டிப் பார்த்துவிட்டு முதலாளிக்கு ஃபோன் போட்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் தி. நகரில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தோம். முதலாளியின் அழைப்பு வந்தது. லோடரை இப்போதே மாட்டி ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் கம்பெனி ஷெட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இனிமேல் ஒரு நாள்கூட அது கடற்கரையில் நிற்கக் கூடாது.

டேங்கரைக் கழற்றிவிட்டுப் போனோம். கன்னியம்மாவிடம் யார் சொல்வது என்று வழி முழுக்க நானும் சவரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் மேற்பார்வையாளர் என்ற முறையில் நான் சொன்னேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை. சவரி மறுபடி சொன்னான்.

கன்னியம்மா ஒரு சங்கரா மீனைத் திருப்பி வைத்தார். “போயிட்டா இந்த எடம் இன்னா ஆவும், தெரியுமில்ல?”

தெரியும். இரண்டு பக்கத்துக் கூடைகளும் அப்போதே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“நான் ஏந்திரிக்க மாட்டேன். மாட்டிகினு போறதா இருந்தா என்னையும் சேத்து மாட்டிகினு போ.”

சவரி டிராக்டரில் ஏறினான். லோடரின் இரண்டு கைகளுக்கு நடுவே வண்டியைத் தவழவிட்டான். கன்னியம்மா சட்டத்தில் உட்கார்ந்தபடியே திரும்பி, முகத்துக்கு நேரே வரும் ரேடியேட்டரை அசராமல் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுவா கேட்டு வந்த ஒரு அம்மாளுக்கு நடுவில் விலையும் சொன்னார். வண்டி பொருந்தி நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டு ஹோஸைச் செருகினான் சவரி. நுழையவில்லை. துடைத்துவிட்டுச் செருகினான். முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினான். தினமும் விடிகாலையில் ‘டக்’கென்று உள்ளே போகும் கப்ளிங், அன்று வேறு யாருடையதோ மாதிரி முறைத்தது. நானும் அழுத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யாரோ தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார்கள்.

“அதுக்கே போவ இஸ்டமில்ல” என்றார் கன்னியம்மா திருப்தியாக.

லோடரின் சிலிண்டரில் கைவைத்தேன், சுட்டது. அப்போதுதான் உறைத்தது. கழற்றும்போது அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் போகிறோம். ஆனால் குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெய் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வெயிலில் அது விரிந்து, உள்ளேயிருந்து வாயை நெட்டித் தள்ளுகிறது. விடிகாலைக் குளிர்ச்சியில் இது எங்களுக்குத் தெரியவே வழியில்லை. நான் படித்த இயற்பியல் என் வாழ்க்கையில் உதவியது அந்த ஒரு முறைதான். அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

“குளிர வெச்சா போதும், தானா உள்ள போயிடும்.”

சொன்ன பிறகு எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். அந்தச் சாலையில் குளிர்ச்சியாக இருந்த ஒரே பொருள் கன்னியம்மாவின் பக்கெட்டில் இருந்த ஐஸ். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கன்னியம்மா கையை நீட்டி ஐஸின்மேல் சாக்கை இழுத்து மூடினார்.

முதலாளியின் ஃபோன் மறுபடி வந்தது. அவர் ஃபோனில் பேசினால் ஃபோன் தேவையில்லை, பக்கத்துத் தெருவுக்கே கேட்கும். ஒரு லோடரை மாட்டத் துப்பில்லையா, வேறு டிரைவரை அனுப்புகிறேன், சவரி நாளையிலிருந்து வர வேண்டாம். வரிசை முழுக்க இதைக் கேட்டது. சவரி கையிலிருந்த ஹோஸைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தான்.

கன்னியம்மா சவரியை ஏறிட்டுப் பார்த்தார்.

“எத்தினி நாள்ல பொறக்கும்னாங்க?”

“இந்த வாரம்க்கா.”

“புள்ளத்தாச்சிய வூட்ல வெச்சிகினு, வேல இல்லாம இன்னாடா பண்ணுவ?” என்று அவனைத்தான் திட்டினார். பிறகு மீனையெல்லாம் கூடைக்கு மாற்றினார். சாக்கை அவரே உதறி விரித்து, ஐஸை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். அதைச் சிலிண்டரிலும் குழாயிலும் சுற்றிக் கட்டினோம். ஐஸ் உருகி எங்கள் காலடியில் ஓடியது. இன்னும் பாதி நாள் விற்க வேண்டிய மீன் கூடையில் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைத்தேன், கையில் இருந்த ஐஸ் தண்ணீரும் செதிலும் கண்ணுக்குள் போனதில், காரணம் கேட்காமலே எல்லாரும் புரிந்துகொண்டார்கள்.

கொஞ்சம் பொறுத்துச் சவரி செருகினான். டக்.

என் தோளில் ஒரு கையை ஊன்றி கன்னியம்மா எழுந்து நின்றார். சவரி லீவரை மெல்ல அசைத்துத் துளைகளை நேர் செய்தான், நான் பின்களை அடித்து இறக்கினேன். பின்னால் டிரம்மை மாட்டப் போனோம்.

“அத்த வெச்சிட்டுப் போ” என்றார் கன்னியம்மா.

“அது இல்லாட்டி பின்னாடி தூக்கிக்கும்க்கா.”

கன்னியம்மா என்னை மேலிருந்து கீழ்வரை, வாங்கப் போகும் மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “இவர குந்த வெச்சிகினு போ. கொஞ்சம் கொறையும், பரவால்ல.”

சொல்லிவிட்டு, தராசைக் கீழே எடுத்துவைத்து டிரம்மின்மேல் உட்கார்ந்தார். காலை நீட்டினார். நகர ஆரம்பித்திருந்த இரண்டு பக்கத்துக் கூடைகளும் நின்றுவிட்டன.

அப்படித்தான் நான் நொச்சிக்குப்பத்திலிருந்து ஈக்காட்டுத்தாங்கல்வரை டிராக்டரின் பின்னால், டிரம் இருக்க வேண்டிய இடத்தில் தொற்றிக்கொண்டு, எதிர்பாரமாகப் போனேன். அப்போது நான் காற்றுக்கே சாயும் ஆள். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்சக்கரம் ஒரு துள்ளு துள்ளி, மனசு வந்து கீழே இறங்கியது. கிண்டி சிக்னலில் போக்குவரத்துக் காவலர் என்னைச் சுட்டிக்காட்டி, “யார்யா அது பின்னால?” என்றார்.

“வெயிட்டு சார்” என்றான் சவரி. காவலர் யோசித்துப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஷெட்டில் முதலாளி டிரம் எங்கே என்று கேட்டார். “அது மேல ஆள் குந்திகினு கீது சார்” என்று சவரி உள்ளதைச் சொன்னான். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தபடி பக்கெட் பக்கம் குனிந்தார். உடனே கைக்குட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் புது டிரம் வந்தது.

சவரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் ஊற வேண்டுமென்று கன்னியம்மா பால் சுறா பொட்டலம் கட்டி, என்னிடம்தான் கொடுத்தனுப்பினார். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அன்றும் உட்கார இடம் கிடைத்தது.

வேலை மாறிய பிறகும் அந்தப் பக்கம் போனால் வண்டியை ஓரங்கட்டுவேன். டிரம் அசையாமல் இருக்கும், அதன்மேல் கன்னியம்மாவும். அந்த வரிசை இப்போது சாலையோரத்தில் இல்லை. கூரையும் டைல்ஸும் போட்ட கட்டடத்துக்குள் போய்விட்டது, ஆளுக்கொரு மேடை, மேடைக்கொரு எண். சாலையைச் சுத்தம் செய்த அன்று ஒரு பெரிய மெஷின் வந்து டிரம்மை ஒரே அள்ளில் அள்ளிக்கொண்டு போனது என்று சவரி ஃபோனில் சொன்னான்.

“அக்கா உட்கார்ந்திருக்கும்போதா?”

“இல்ல சார். டீ குடிக்க ஏந்துபோயிருந்துச்சி.”

இப்போது மகளோடு ஊருக்கு வெளியே, அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல் மாடியில் இருக்கிறாராம். அங்கே கடல் காற்று வருவதில்லை என்று புகாராம். போய்ப் பார்க்க வேண்டும் என்று நானும் சவரியும் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொள்கிறோம்.

எங்கள் அடுக்ககத்தில் அந்த மஞ்சள் லோடர் இரண்டு நாள் நின்றது. யாரும் அதில் ஒரு ஈரத்துண்டைக்கூடக் காயப்போடவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் இறங்கிப் போய், குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என் முட்டியும் இப்போது சரியாக மடங்குவதில்லை. உயரம் கச்சிதமாக இருந்தது. காலை நீட்டிக்கொண்டேன்.

டிராக்டர் வந்தது. “சார், கொஞ்சம் எழுந்துக்கறீங்களா? மாட்டணும்” என்றார் ஓட்டுநர்.

கன்னியம்மா சொன்னதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மூன்றாம் மாடிக்காரர் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துவிட்டேன்.

நல்ல வெயில். குழாய் சுடுமே, ஹோஸ் நுழையாதே என்று காத்திருந்தேன். புது மாதிரி லோடர், அதற்கெல்லாம் ஏதோ ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். முதல் தடவையிலேயே டக்கென்று போய்விட்டது. டிராக்டர் அதைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனது. குழுவில் கைகூப்பினார்கள்.

அந்த இடம் காலியாகக் கிடந்தது. சாயங்காலம்வரை பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கூடைகூட நகர்ந்து வரவில்லை.